முதல் வீடியோ எடுத்து வச்சிருக்கேன், போடலாமா வேண்டாமான்னு தெரியல (பனையேறுற வேலை, உடன்குடி பக்கம்)

தேரிமண்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு தூத்துக்குடி மாவட்டம் உடன்குடி பக்கம், செம்மண் தேரி (மணல் மேடு). அப்பா முப்பது வருசத்துக்கு மேல பனையேறுதாவ. இந்த வருசமும் மாசி கடைசியில பதநீருக்கு பாளை சீவ ஆரம்பிச்சாச்சு, ஆடி வரைக்கும் போகும். நான் காலேஜ் முடிச்சிட்டு வீட்டுல இருக்கேன். கருப்பட்டின்னு சொல்லி சீனிய காய்ச்சி ஊத்தி விக்கிறத பாத்து பாத்து மனசு கேக்கல, நம்ம வீட்டுல எப்படி வருதுன்னு ஒரு வீடியோ எடுத்து யூடியூப்ல போடுவோம்னு தோணிச்சு. அப்பாவும் சரின்னுட்டாவ.

எடுத்துட்டேன், 14 நிமிஷம் வந்திருக்கு. முதல் ரெண்டு நிமிஷம் நான் போன பாத்து பேசுறது, அத மட்டும் 17 தடவை எடுத்தேன், இன்னும் திருப்தி இல்ல. மிச்சம் அப்பா மரம் ஏறுறது, பாளை சீவுறது, கலயத்த இறக்குறது. காத்து சத்தத்துல அப்பா சொல்லுறது பாதி கேக்கல. விடிலிக்குள்ள (பதநீர் காய்ச்சுற கொட்டகை) எடுத்ததெல்லாம் ஒரே இருட்டு. தெரிஞ்சவங்க ஒருத்தர் பாத்துட்டு 45 ஆயிரத்துக்கு ஒரு கேமரா இருக்கு, அத வாங்கிட்டு ஆரம்பி, இப்படி போட்டா பேரு கெட்டுடும்னு சொல்லுதாவ. அவ்வளவு ரூவாய்க்கு எங்க போக. அப்புறம் நான் பேசுறதும், வீடியோவுல சுத்தமா பேசணும்னு முயற்சி பண்ணி பேசுனா யாரோ பேசுற மாதிரி இருக்கு.

அப்பா சொல்லுதாவ, சரியா வரலன்னா சொல்லு மக்கா, இன்னொரு தடவ ஏறுதேன், எடுத்துக்கன்னு. என்ன செய்யலாம், சொல்லுங்க.

கெட்டிமேளம்98:
தங்கச்சி, கேமரா வாங்காத. மொதல்ல இத சொல்லிடுறேன், மத்தது அப்புறம்.

நான் திண்டுக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடுக்குறவன், 1998ல விஎச்எஸ் கேசட்டுல ஆரம்பிச்சது. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஜனங்க உக்காந்து பாப்பாங்க, ஆனா தாலி கட்டுறப்ப மேளச்சத்தம் கரகரன்னு விழுந்திருந்தா மறுநாளே கேசட்ட தூக்கிட்டு வந்துருவாங்க. இன்னைக்கும் அதே கதைதான், இருட்டா இருக்குற படத்த மன்னிப்பாங்க, காதுல குத்துற சத்தம் வந்தா விரல் தன்னால அடுத்த வீடியோவுக்கு போயிரும். அதனால உன் பிரச்சனை கேமராவே கிடையாது, சத்தம்.

போனுக்கு முக்கிய மைக் கீழ சார்ஜர் சொருகுற ஓட்டை பக்கத்துல இருக்கும், பொடி ஓட்டை. காத்து நேரா அதுல அடிச்சா பொரபொரன்னுதான் வரும், அத எந்த எடிட்லயும் முழுசா எடுக்க முடியாது. காத்து வர்ற பக்கம் உன் முதுகு இருக்கணும், உன் உடம்பே மறைப்பு. அந்த ஓட்டை மேல மெல்லிசா ஒரு ஸ்பாஞ்ச் துண்ட வச்சு ரப்பர் பேண்ட் போட்டுக்க. அதுக்கும் மேல வேணும்னா, வீட்டுல இன்னொரு போன் இருக்கும்ல, அதுல வாய்ஸ் ரெக்கார்டர ஓட விட்டு அப்பா கிட்டக்க வச்சுரு, வீடியோ போன்லயும் ரெக்கார்ட் அமுக்கிட்டு ரெண்டுக்கும் கேக்குற மாதிரி ஒரு தடவ பலமா கை தட்டு. எடிட் பண்ணும்போது அந்த கைதட்டு ரெண்டு சத்தத்துலயும் கூர்முனை மாதிரி நிக்கும், ஒண்ணு மேல ஒண்ணு பொருத்திட்டா போதும். சினிமாவுல கிளாப் அடிக்கிறதே இதுக்குத்தான்.

மரத்துக்கு மேல இருந்து அவர பேச சொல்லாத. கீழ எறங்கி, மூச்சு வாங்கி, தண்ணி குடிச்ச பிறகு நிழல்ல உக்கார வச்சு கேளு.

ரீல்ஸ்ராஜா:
14 நிமிஷம்லாம் யாரும் பாக்க மாட்டாங்க, அத 40 செகண்டா வெட்டி மேல நல்ல சினிமா பாட்டா போட்டு ஷார்ட்ஸா விடுங்க, சட்டுனு ஏறும்.

ரெண்டாம்தளம்:
ரீல்ஸ்ராஜா சொல்றதுல பாதி சரி. ஷார்ட்ஸ் போடலாம், 2024 அக்டோபர்லருந்து 3 நிமிஷம் வரைக்கும் போடலாம். ஆனா முழுநீள வீடியோவுல சினிமா பாட்ட போட்டா யூடியூபோட கன்டென்ட் ஐடி தானா கண்டுபிடிச்சு கிளைம் விழும். கிளைம் வேற ஸ்டிரைக் வேற, கிளைம்ல பெரும்பாலும் அந்த வீடியோவுக்கு வர்ற காசு பாட்டுக்காரங்களுக்கு போகும், சில சமயம் வீடியோவே இங்க தெரியாம போகும். ஸ்டிரைக்னா உரிமை மீறலுக்கு யூடியூப் குடுக்குற எச்சரிக்கை, அது 90 நாளைக்குள்ள மூணு விழுந்தா சேனலே போயிடும். பாட்டு வேணும்னா யூடியூப் ஸ்டுடியோவுல ஆடியோ லைப்ரரின்னே ஒண்ணு இருக்கு, அதுல எடுக்கலாம். ஆனா இந்த வீடியோவுக்கு பாட்டு எதுக்கு? பாளை சீவுற சத்தம், ஓலை உரசுற சத்தம், பதநீர் கொதிக்கிற சத்தம், இத விட நல்ல பாட்டு வேற எங்க கிடைக்கும்.

ரீல்ஸ்ராஜா:
சரி பாட்டு வேணாம், ஒத்துக்குறேன். ஆனா முதல் ரெண்டு நிமிஷம் பேசுறத கண்டிப்பா தூக்குங்க.

அடுப்படி:
அத நானும் சொல்ல வந்தேன் பா. நான் சேலம், மூணு வருசமா சின்னதா ஒரு சமையல் சேனல் வச்சிருக்கேன். என் முதல் வீடியோவுல வணக்கம் சொல்லி, என் பேரு சொல்லி, சேனல் பேரு சொல்லி, ஏன் ஆரம்பிச்சேன்னு சொல்லி, சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு சொல்லி, அதுக்கப்புறம்தான் அடுப்பையே பத்த வச்சேன். ஸ்டுடியோவுல ஒரு கிராஃப் காட்டும், ஜனங்க எந்த செகண்டுல கிளம்பி போறாங்கன்னு, என்னோடது கிணத்துல கல்லு போட்ட மாதிரி நேரா கீழ போச்சு, அடுப்பு பத்துற வரைக்கும் இருந்தவங்க ரொம்ப கம்மி.

தேரிமண், நீ 17 தடவை எடுத்தும் திருப்தி இல்லன்னா நீ மோசமா பேசுறன்னு அர்த்தம் இல்ல, யார்கிட்ட பேசுறோம்னு தெரியாம பேசுற. லென்ஸுக்கு பின்னாடி உனக்கு தெரிஞ்ச ஒரு ஆள நினைச்சுக்கோ. சென்னையில இருக்குற உங்க சித்தி மகளோ, ஹாஸ்டல்ல கூட இருந்த பிள்ளையோ, பனையேறுறத ஒரு தடவ கூட பாக்காத ஒருத்தி. அவகிட்ட போன்ல சொல்ற மாதிரி சொல்லு. எழுதி வச்சு படிக்காத, நாலு வார்த்தை மட்டும் கையில எழுதிக்கோ.

ஆமா, ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுல பதநீர காய்ச்சுறது யாரு?

தேரிமண்:
அம்மாதான் அக்கா. விடிலியில காலையில ஏழு ஏழரைக்கு தாச்சிய (காய்ச்சுற சட்டி) அடுப்புல ஏத்துனா பத்து பத்தரை ஆகும் எறக்க. பொங்கி வழியாம இருக்க கொஞ்சம் ஆமணக்கு முத்த அரைச்சு போடுவாவ. அப்புறம் கிண்டிக்கிட்டே இருக்கணும், அடி பிடிச்சா அன்னைக்கு உழைப்பு அத்தனையும் கசந்து போகும். பாக தண்ணியில சொட்டு விட்டு உருட்டி பாத்து, பதம் வந்த உடனே எறக்கி சிரட்டையில (கொட்டாங்குச்சி) ஊத்துவாவ. புகையில கண்ணு ரெண்டும் செவந்து போயிருக்கும்.

அடுப்படி:
14 நிமிஷத்துல அம்மா எவ்வளவு நேரம் வர்றாங்க?

தேரிமண்:
ஒரு 40 செகண்ட் இருக்கும். அதுவும் முதுகு பக்கம், இருட்டுல.

அடுப்படி:
கருப்பட்டி எப்படி வருதுன்னு காட்டணும்னு நீயே தான் முதல் பதிவுல எழுதியிருக்க. மரத்துல இருந்து வர்றது பதநீர். அத கருப்பட்டி ஆக்குறது அந்த மூணு மணி நேரம். கலப்படம் பண்றவன் கைய வைக்கிறதும் அந்த அடுப்புலதான். உன் வீடியோ அங்க இருக்கு பா.

பனங்காடு:
நான் ராமநாதபுரம் மாவட்டம், சாயல்குடி பக்கம். எங்கப்பாவும் பனையேறி. மத்தவங்க சொன்னது எல்லாம் சரி, நான் ஒரே ஒரு விஷயத்துக்காக வந்தேன்.

அப்பாவ வீடியோவுக்காக ரெண்டாவது தடவ ஏற சொல்லாதம்மா. அவரே சொன்னாலும் வேணாம். ஒரு மரத்துக்கு காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு தினமும் ஏறணும், இருபது முப்பது மரம்னா கணக்கு போட்டு பாரு. உடம்புல இருக்குற தெம்ப அவங்க அளந்துதான் வச்சிருப்பாங்க. வேலைக்காக ஏறும்போது கவனம் மரத்துல இருக்கும், வீடியோவுக்காக ஏறுனா கவனம் உன் மேல இருக்கும், கீழ நிக்கிற மகளுக்கு நல்லா வரணும்னு நினைச்சுக்கிட்டு கை வைப்பாரு. எங்க ஊர்ல வெளியூர்ல இருந்து வீடியோ எடுக்க வந்தவங்க மத்தியான வெயில்ல ஒருத்தர மூணு தடவ ஏற வச்சாங்க, மூணாவது தடவ வழுக்கி நெஞ்செல்லாம் சிராய்ச்சு எறங்குனாரு, ரெண்டு வாரம் தொழிலுக்கு போகல. அந்த வீடியோவுல அதெல்லாம் இல்ல.

நாளைக்கும் ஏறத்தான் போறாரு, நாளன்னைக்கும். ஒரு நாள் கீழ இருந்து எடு. இன்னொரு நாள் தளைநார் கால்ல மாட்டுறத மட்டும் எடு. இன்னொரு நாள் அருவாப்பெட்டிய இடுப்புல கட்டுறத எடு. அவரு வேலைய நிறுத்தாம ஒரு வாரத்துல உனக்கு எல்லாம் கிடைச்சிரும். போன அவரு கைல குடுத்து மேல இருந்து எடுத்துட்டு வாங்கன்னு மட்டும் சொல்லிராத.

இன்னொண்ணு, கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுறத கண்டிப்பா கிட்டக்க போய் எடு. சுண்ணாம்பு இருந்தாதான் பதநீர், இல்லன்னா புளிச்சு கள்ளாயிரும். நம்ம மாநிலத்துல 1987ல இருந்து கள் இறக்க தடை. அது தெரியாதவங்க கலயத்த பாத்த உடனே கள்ளுன்னு கமெண்ட் போடுவாங்க, அப்பாவுக்கு வீண் சங்கடம்.

தேரிமண்:
அண்ணே, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன், இனி எடுக்கதுக்காக ஏற வேண்டாம்னு. சிரிச்சாவ.

வடலிவளவு:
வணக்கம் தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், வடமராட்சி. எங்கட பக்கமும் பனைதான் எல்லாம். நீங்கள் பதநீர் எண்டு சொல்லுறத நாங்கள் கருப்பணி எண்டு சொல்லுறம், கருப்பட்டி இங்க பனங்கட்டி, ஓலையில பின்னின சின்னக் குட்டானுக்குள்ள ஊத்தி வாறது. அம்மம்மா தேத்தண்ணிக்கு ஒரு கடி பனங்கட்டிதான் வச்சுக் குடிப்பா, சீனி தொடமாட்டா.

நீங்கள் சுத்தமாக் கதைக்க வேணுமோ எண்டு கேட்டிருந்தனீங்கள். தயவுசெய்து மாத்தாதேங்கோ. நீங்கள் மேல எழுதின "ஏறுதாவ, சொல்லுதாவ" எல்லாம் எனக்கு விளங்கினதுதானே. விடிலி எண்ட சொல்ல நான் இண்டைக்குத்தான் முதல் தரம் கேக்கிறன், அத நீங்கள் கொட்டகை எண்டு மாத்தியிருந்தா எனக்கு அந்தச் சொல்லே கிடைச்சிராது. விளங்காத சொல் வந்தா கீழ எழுத்தில ஒரு வரி போட்டு விடுங்கோ, காணும்.

கெட்டிமேளம்98:
யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னது நூத்துக்கு நூறு. இப்ப வெளிச்சத்துக்கு வர்றேன், விடிலி இருட்டுன்னு கேட்ட இல்ல.

அடுப்பு எரியிற இடத்துல போன் தானா வெளிச்சத்த கூட்டி கொறைக்கும், தீ கெளம்புனா எல்லாம் இருட்டாயிரும், தீ அமுந்தா எல்லாம் வெளுத்துரும், அதான் உன் படம் துடிச்சிட்டே இருக்கும். திரையில அம்மா முகத்துமேல விரல கொஞ்ச நேரம் அழுத்தி வை, லாக் ஆகும். ஆனதும் பக்கத்துல ஒரு சூரியன் படம் வரும், அத லேசா மேல தள்ளி வெளிச்சம் பாத்துக்க. தீ கொஞ்சம் வெளுத்து தெரிஞ்சா தெரியட்டும், முகம் தெரியணும். வாசல் வெளிச்சம் உன் முதுகுல இருந்து அம்மா மேல விழுற மாதிரி நில்லு, வாசல பாத்து எடுத்தா அவங்க நிழல் உருவமாத்தான் வருவாங்க. புகை இருக்குறதால லென்ஸ எடுக்குறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் காட்டன் துணியால தொடைச்சிரு, பாதி பேரோட படம் மங்கலா இருக்க காரணம் லென்ஸ் மேல விரல் எண்ணெய்தான். அடுப்பு கிட்ட போன ரொம்ப நேரம் வைக்காத, சூடாகி கேமரா தானா நின்னுரும்.

உள்ள எல்இடி பல்பு இருந்தா படத்துல கோடு கோடா ஓடும். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், பல்பு செகண்டுக்கு 100 தடவ மினுங்கும், கண்ணுக்கு தெரியாது, கேமராவுக்கு தெரியும். ப்ரோ மோடு இருந்தா ஷட்டர 50ல ஒண்ணு இல்லன்னா 100ல ஒண்ணுன்னு வை, கோடு போயிரும். இல்லன்னா பல்ப அணைச்சிட்டு வாசல் வெளிச்சத்துலயே எடு, அதுதான் அழகும்.

1080ல எடு, 4கே வேணாம். 1080லயே நிமிஷத்துக்கு நூறு நூத்தம்பது எம்பி தின்னும், பாகு எறக்குற நேரத்துல இடம் இல்லன்னு நின்னா என்ன பண்ணுவ. ஏரோப்ளேன் மோடுல போட்டுரு, நடுவுல கால் வந்தா ரெக்கார்டிங் அறுந்துரும்.

நீ தனியா பேசுறத வீட்டுல வச்சு பண்ணு. வெறும் செவுரு உள்ள ரூம்ல பேசுனா எதிரொலிக்கும், பீரோவ தொறந்து துணிக்கு நேரா உக்காந்து பேசு.

ரெண்டாம்தளம்:
அப்லோட் பண்ற அன்னைக்கு ஞாபகம் இருக்கட்டும். போன் நம்பர வெரிஃபை பண்ணாதான் சொந்தமா தம்ப்நெயில் வைக்க முடியும், 15 நிமிஷத்துக்கு மேல உள்ள வீடியோவும் போட முடியும். ஏத்துன உடனே பாத்தா படம் மங்கலா இருக்கும், பயப்பட வேணாம், மொதல்ல கம்மி தரத்துலதான் வரும், எச்டி ரெடியாக நேரம் எடுக்கும். அதனால மொதல்ல அன்லிஸ்டட்ல போட்டு, லிங்க் வச்சிருக்குறவங்க மட்டும் பாக்குற மாதிரி வீட்ல காட்டிட்டு, எல்லாம் சரியா இருந்தா பப்ளிக் ஆக்குங்க. குழந்தைகளுக்கான வீடியோவான்னு கேக்கும், இல்லன்னு குடுங்க, தெரியாம ஆமான்னு குடுத்தா கமெண்டே மூடிரும்.

தலைப்புல 100 எழுத்துதான் இடம். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, அந்த பேர போட்டு தேடுறவங்க இருப்பாங்க, அதனால உடன்குடி, கருப்பட்டி ரெண்டும் தலைப்போட முன்னாடியே வரட்டும். எடிட்டுக்கு போன்ல விஎன், இன்ஷாட் மாதிரி ஆப் போதும். ஒரே விஷயம் ரெண்டு தடவ வந்தா ஒண்ண வெட்டுங்க, நீங்க நடக்குறது போறது வர்றது எல்லாத்தையும் வெட்டுங்க, ஆனா பாகு பதம் பாக்குற இடத்த மட்டும் வெட்டாதீங்க, அங்க நேரம் எடுத்துக்கலாம்.

ரீல்ஸ்ராஜா:
காசு எப்ப வரும்னு யாரும் சொல்லலயே.

ரெண்டாம்தளம்:
விளம்பர காசுக்கு 1000 சப்ஸ்கிரைபர், அதோட 12 மாசத்துல 4000 மணி நேரம் ஜனங்க பாத்திருக்கணும், இல்லன்னா 90 நாள்ல ஷார்ட்ஸ் ஒரு கோடி வியூ. முதல் வீடியோ போடும்போது இத நினைச்சுட்டு உக்காந்தா ஒண்ணும் ஓடாது.

அடுப்படி:
ஆனா ஊர் வேலைக்கு ஆள் பாக்க மாட்டாங்கன்னு மட்டும் நினைக்காத. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துல 2018ல ஆரம்பிச்ச வில்லேஜ் குக்கிங் சேனல் 2021ல ஒரு கோடி சப்ஸ்கிரைபர தொட்டுச்சு. தாத்தாவும் பேரன்களும் வயக்காட்டுல சமைக்கிறதுதான். அவங்க அம்மியில அரைக்கிற சத்தத்த கேக்குறதுக்கே நான் பாப்பேன். யூடியூப்ல ஏறுன முதல் வீடியோ, 2005 ஏப்ரல் 23, மொத்தமே 19 செகண்ட், மிருகக்காட்சி சாலையில ஒருத்தர் யானை முன்னால நின்னு அதோட தும்பிக்கை நீளம்னு சொல்றாரு, அவ்வளவுதான்.

தேரிமண்:
ஒன்பது நாள் கழிச்சு வாரேன், எல்லாரும் மன்னிக்கணும்.

திரும்ப எடுத்தேன். அப்பா எப்பவும் போல தொழிலுக்கு போனாவ, நான் பின்னாலயே போய் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன். அம்மாகிட்ட கேட்டதுக்கு மொதல்ல வேண்டாம்னுட்டாவ, அழுக்கு சேலையில இருக்கேன், கரி பிடிச்ச கை, இத எதுக்கு ஊரு பாக்கணும்னு. நான் ஒண்ணும் சொல்லல, போன கீழ வச்சிட்டு ரெண்டு நாள் கூட உக்காந்து அடுப்புல மட்டை தள்ளிக்கிட்டே இருந்தேன். மூணாவது நாள் அவங்களே, எங்க உன் போனு, இப்பதான் பொங்கி வருது, இத எடுன்னு சொன்னாவ.

இப்ப 8 நிமிஷம். தொடக்கத்துலயே அம்மா விரல்தான், தண்ணி சிரட்டையில பாக சொட்டு விட்டு உருட்டுதாவ, "இன்னும் இல்ல, இன்னும் ரெண்டு கொதி"ங்கிற சத்தம் வருது, அதுக்கப்புறம்தான் மரம். நான் வெறும் குரல்தான், பீரோ முன்னால உக்காந்து பேசுனேன், சென்னையில இருக்க என் சித்தி மக பேர மனசுல சொல்லிட்டு ஆரம்பிச்சேன், மூணாவது தடவையில வந்துட்டு. சுண்ணாம்பு தடவுறது இருக்கு. சீனி கலந்தா எப்படி இருக்கும்னு அம்மாகிட்ட கேட்டேன், அவங்க அத பத்தி பேசல, நம்ம பண்ணுறத மட்டும் சொல்லுவோம், பாக்கவங்களுக்கு தெரியும்னுட்டாவ.

நேத்து ராத்திரி அன்லிஸ்டட்ல போட்டு வீட்டுல காட்டுனேன். அப்பா ஒரு வார்த்த பேசாம பாத்தாவ, முடிஞ்ச உடனே திரும்ப முதல்ல இருந்து போட சொன்னாவ. இத்தன வருசமா நான் மேல இருக்கும்போது நீ இங்க இவ்வளவு நேரம் நிக்கியான்னு அம்மாவ கேட்டாவ.

காலையில பப்ளிக் ஆக்கிட்டேன். இப்ப வரைக்கும் 63 பேர் பாத்திருக்காவ. ஆனா ஒரு பிரச்சன. அம்மா இன்னைக்கு மூணாவது தடவ பாத்துட்டு சொல்லுதாவ, அஞ்சாவது நிமிஷத்துல பதம் வந்துட்டுன்னு நீ சொல்லுத, அது பதம் இல்ல, அது கம்பிப்பாகு, அந்த நேரத்துல எறக்குனா கருப்பட்டி உறையாது, யாராவது இத பாத்து செஞ்சு கெட்டுப்போனா பாவம்னு. நான் ரெண்டு நாள் எடுத்தத சேக்கும்போது மாத்தி ஒட்டிட்டேன். இத எப்படி சரி பண்ணுறது? அதே லிங்க்ல வேற வீடியோ மாத்தி போட முடியுமா?

ரெண்டாம்தளம்:
அதே லிங்க்ல வேற வீடியோ மாத்த முடியாது. ஸ்டுடியோ எடிட்டர்ல அந்த இடத்த மட்டும் வெட்டி எடுக்கலாம், லிங்க்கும் வியூவும் அப்படியே இருக்கும், ஆனா புதுசா எதையும் உள்ள ஒட்ட முடியாது. வெட்டுனா அந்த இடத்துல தாவும், பரவால்லையா பாத்துக்கோங்க. இல்லன்னா இத எடுத்துட்டு சரி பண்ணி புதுசா ஏத்துங்க, 63 பேர் தானே.

கெட்டிமேளம்98:
புதுசா ஏத்து தங்கச்சி. அம்மா சொன்னத அவங்க குரல்லயே எடுத்து அந்த இடத்துல வச்சுரு.

தேரிமண்:
சரி அண்ணே. நாளைக்கு காலையில ஏழுக்கு தாச்சி ஏத்துவாவ. கம்பிப்பாகு வர்றப்ப ஒண்ணு, உண்மையான பதம் வர்றப்ப ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல வச்சு காட்டுதேன்னு அம்மாவே சொல்லியிருக்காவ. எடுத்துட்டு வாரேன்.